நானும் மச்சம் என்றுதான் சொன்னேன்

1

சென்ற வாரம் என் தோலைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் வந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் திரவ நைட்ரஜன் நிரப்பிய தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் என் தோல் செல்கள் எட்டு வருஷமாக உறைந்து கிடக்கின்றன. 1991-இல் என் இடது கையிலிருந்து உளுத்தம்பருப்பு அளவுக்குத் தோலை எடுத்து வளர்த்தார்கள். நோயாளிகளின் செல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவனுடைய செல் வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவனின் தோல்தான் எங்கேயும் சுலபமாகக் கிடைக்கும். குப்பியின்மேல் 'நார்மல்' என்று எழுதி உள்ளே போட்டார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டதாம். தோல் கொடுத்தவர் புதிய படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் குப்பியை அழித்துவிடுவார்கள்.

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் முடிகிறது. இத்தனை நாளில் நான் நிரப்பிய படிவங்களைச் சேர்த்து வைத்திருந்தால் பழைய பேப்பர்காரர் வாசலோடு திரும்பிப் போக மாட்டார். வந்த புதிதில் என் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரையே என் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். அதனால் எல்லாக் கடிதமும் 'மதிப்புக்குரிய திரு. ராமநாதன்' என்றுதான் வரும். அப்பா போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. என் தோலைப் பற்றிய கடிதமும் அவருக்குத்தான் வந்தது.

நான்கு பக்கப் படிவம். இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்கள் பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் எவரேனும் இரத்த உறவில் மணம் செய்துகொண்டவரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இதே கேள்வி 1991 படிவத்திலும் இருந்தது. அப்போது 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அது பொய்.

மயிலாப்பூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். என் தங்கை வசந்தி எங்கள் மாமாவைத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அம்மாவின் கடைசித் தம்பி சேகர். என்னைவிட ஒரு வயதுதான் பெரியவன். மாமா என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். வசந்தி பிறந்தபோதே யாரோ வேடிக்கையாகச் சொல்லிவைத்து, பிறகு வேடிக்கை நிஜமாகி, 1990-இல் தி. நகரில் ஒரு சத்திரத்தில் கல்யாணம் நடந்தது. நம் பக்கத்தில் யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. 'பொண்ணு வெளியில போகலை, நம்மாத்துலயே இருக்கா' என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

என்னால் போக முடியவில்லை. என் பாஸ்போர்ட் அப்போது வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஏதோ ஒரு முத்திரைக்காகப் படுத்திருந்தது. ஆல்பம் தபாலில் வந்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். புடவை, மாலை, ஊஞ்சல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மாப்பிள்ளையை எப்படித் தெரியும் என்று கூடத்தின் தலைவரான பேராசிரியர் கேட்டார். நல்ல மனிதர், கேள்வியில் விஷமம் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் கருத்தரங்கில் ஒரு வம்ச வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். நெருங்கிய உறவில் நடந்த கல்யாணத்துக்கு அதில் இரட்டைக் கோடு போடுவார்கள். அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒருவன் மெதுவாகச் சீட்டி அடித்தான், இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது.

"குடும்ப நண்பர்" என்றேன்.

சேகரை, என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மிதித்தவனை, நண்பன் ஆக்கிவிட்டேன். அதற்கு அடுத்த வருஷம் படிவம் வந்தபோது சொன்ன பொய்க்கு ஒத்தாசையாக இன்னொரு பொய் தேவைப்பட்டது. அவ்வளவுதான் விஷயம் என்று அப்போது நினைத்தேன்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்பவர்களிடம் 'கேன்சர் ஆராய்ச்சி' என்று சொல்லி முடித்துவிடுவேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். மரியாதை வந்த பிறகு மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கிறது. அது ஒவ்வொரு நாளும் சேதமாகிறது. வெயில் பட்டாலே போதும், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். மயிலாப்பூர்த் தெருக்களைத் தண்ணீர்க்காரர்கள் ஒரு நாள், டெலிபோன்காரர்கள் ஒரு நாள், மின்சாரக்காரர்கள் ஒரு நாள் தோண்டுவது மாதிரி இது நிற்காமல் நடக்கிற காரியம். வித்தியாசம் என்னவென்றால் உடம்புக்குள் பழுது பார்க்கும் ஆட்கள் அன்றைக்கே வந்துவிடுவார்கள். கெட்ட இடத்தை வெட்டி எடுத்து, சரியான எழுத்தை நிரப்பி, தெரு தோண்டப்பட்டதே தெரியாமல் மூடிவிட்டுப் போவார்கள். அவர்கள் வராவிட்டால் பள்ளம் அப்படியே இருக்கும். செல் பிரியும்போது பள்ளத்துக்கு எதிரே தப்பான எழுத்து விழும். செல்லை அடக்கி வைக்கிற இடத்தில் அந்தத் தப்பு விழுந்தால் அது கட்டுக்கடங்காமல் பெருகும். புற்றுநோய் பல சமயம் இப்படித்தான் தொடங்குகிறது.

பழுது பார்க்கும் ஆட்கள் ஏன் வராமல் போகிறார்கள் என்பதுதான் எங்கள் கூடத்தின் கேள்வி. இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவர்களைத் தயாரிக்கும் ஜீனிலேயே பிறவி எழுத்துப் பிழை இருக்கலாம். மற்றது என் பகுதி. அதில் எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும், ஒரு புள்ளிகூட மாறியிருக்காது, ஆனால் ஜீனின் முகப்பில் மீதைல் என்ற சின்ன ரசாயனத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு, செல் அந்த ஜீனைப் படிக்க முடியாமல் செய்துவிடும். எங்கள் வீட்டு டெலிபோன் நினைவுக்கு வரும். நம்பர் சுழற்றும் ஓட்டையில் அப்பா ஒரு சின்னப் பூட்டு மாட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டிருந்தார். போன் நன்றாக வேலை செய்தது. எடுத்தால் டயல் டோன் கேட்கும். ஆனால் வெளியே யாரையும் கூப்பிட முடியாது. சில கட்டிகளில் பழுது பார்க்கும் ஜீன் அப்படித்தான் வாயடைத்துக் கிடக்கிறது. இந்தப் பூட்டுகள் புற்றுநோயில் மட்டும் இல்லை, வேறு சில பிறவிக் கோளாறுகளிலும் இருக்கின்றன. பூட்டு என்பதால் திறக்க வழி உண்டு என்று ஒரு நம்பிக்கை. பிறவி எழுத்துப் பிழைக்கு அந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை.

அப்படிப்பட்ட பிழைகளில் ஒன்றுக்கு ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்று வாயில் நுழையாத பெயர். கூடத்தில் சுருக்கமாக எக்ஸ்.பி. என்போம். வெயில் செய்கிற சேதத்தை அந்தக் குழந்தைகளால் பழுது பார்க்க முடியாது. இரண்டு வயதுக்குள் வெயில் பட்ட இடமெல்லாம் புள்ளி விழும், கண் கூசும், பத்து வயதுக்குள்ளேயே தோலில் புற்று வரலாம். பிழையான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது, வம்சம் வம்சமாகத் தெரியாமலே வரும். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் அதே பிழை வந்தால்தான் நோய். ஒரே தாத்தாவின் பிழை இரண்டு வழியாக வந்து ஒரே குழந்தையிடம் சேர்வதற்கு உறவுக் கல்யாணத்தில் வாய்ப்பு அதிகம்.

என் 'நார்மல்' குப்பி இருக்கும் அதே தொட்டியில், அதே அடுக்கில், பச்சை மூடி போட்ட எக்ஸ்.பி. குப்பிகளும் இருக்கின்றன. அந்த நோயை எனக்குக் குப்பியாகத் தெரியும், முகமாகத் தெரியாது. ஒரு கருத்தரங்கில் படம் பார்த்திருப்பேன். அந்தப் படங்களில் இருந்தவை எல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகள்.

3

1994-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வீட்டில் விருந்து. பேராசிரியரும் கூடத்திலிருந்து நாலு பேரும் வந்திருந்தார்கள். என் மனைவி மசால்தோசை வார்த்துக் கொண்டிருந்தாள். டெலிபோன் அடித்தது. வசந்தி, லஸ் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"அண்ணா, பிஸியா இருக்கியா?"

"சொல்லு."

"அபிக்கு மொகமெல்லாம் பொட்டு பொட்டா வந்திருக்கு. கை, கழுத்துன்னு எல்லாத்துலயும். டி. நகர்ல ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டினோம். அவர் ஏதோ சந்தேகப்படறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தரேன், போய்க் காட்டுங்கோங்கறார். சேகர் சொல்றார், அதெல்லாம் மச்சம், எங்க பக்கத்துல எல்லாருக்கும் மச்சம் உண்டுன்னு. எனக்குதான் மனசு கேக்கலை. நீ இந்த மாதிரி விஷயத்துலதானே இருக்கே, அதான் உன்னைக் கேட்டுண்டு போலாம்னு."

வசந்தியின் மகள் அபிராமிக்கு அப்போது இரண்டு வயது. நான் அவளை நேரில் பார்த்ததில்லை.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "வெயில்ல போனா சிவந்து போறதா?"

"ஆமாண்ணா. மாடியில வத்தல் காய வெக்கறச்சே அரை மணி கூட இருந்தா. ரெண்டு நாளைக்கு மொகம் வீங்கியே இருந்தது."

இந்தக் கேள்வியையும் பதிலையும் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு. 'குழந்தையைப் பார்க்கவில்லை, போனில் எப்படித் தெரியும், யாராக இருந்தாலும் மச்சம் என்றுதான் நினைப்பார்கள்.' முழுப் பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. தெரியாதவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். பச்சை மூடி ஒரு கணம் கண்ணில் வந்து போனது. அடுத்த கணமே வந்தது இரட்டைக் கோடு. திரும்பிப் பார்த்தேன். பேராசிரியர் தோசையைக் கையால் பிய்க்கப் பழகிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இது அதுவாக இருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் முதல் கேள்வி பெற்றோர் உறவா என்பதுதான். கல்யாண ஆல்பத்தை அவர் பார்த்திருக்கிறார். படிவம் அவருடைய அலமாரியில் இருக்கிறது.

"சேகர் சொல்றதுதான் சரி" என்றேன். "மச்சம்தான். மொகம் பூரா மச்சம்னா உன் பொண்ணு பெரிய அதிர்ஷ்டக்காரி."

மறுமுனையில் வசந்தி சிரித்தாள். அவ்வளவு நிம்மதியான சிரிப்பு. "நீ சொன்னா சரி அண்ணா. இப்பதான் மூச்சே வந்தது."

டாக்டரின் கடிதத்தை அவள் வாங்கவேயில்லை. அதற்கு அடுத்த வருஷம் சேகர் கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக் குடிபோனான். மொட்டை மாடி, நாலு பக்கமும் ஜன்னல், குழந்தைக்கு விளையாட மணல். 'நல்ல காற்றோட்டமாக இருக்கும்' என்று நான் பதில் எழுதினேன். எழுதும்போது எதுவும் உறுத்தவில்லை. மறக்க வேண்டியதை அவ்வளவு நன்றாக மறந்திருந்தேன்.

4

1997 மே மாதம். அபியின் ஐந்தாவது பிறந்தநாள் படம் தபாலில் வந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தாள் வசந்தி. பட்டுப்பாவாடை, ரெட்டைப் பின்னல், கேமராவைப் பார்க்க முடியாமல் இடுக்கிய கண்கள். முகத்தில் எள்ளைக் கொட்டியது போலப் புள்ளிகள். பார்த்தேன். 'மச்சம் அதிகமாகிவிட்டது' என்று நினைத்தேன். ஒரு காந்தத்தை வைத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இதை எழுதுகிற கை என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

என் மகள் நித்யாவுக்கு அப்போது பத்து வயது. தமிழ் அவளுக்கு வீட்டுச் செருப்பு மாதிரி, வாசலோடு கழற்றிவிடுவாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். கூடப் படிப்பவர்கள் வந்தால் என்னை 'அப்பா' என்று கூப்பிடுவதைத் தவிர்ப்பதற்காக ஒன்றுமே சொல்லிக் கூப்பிட மாட்டாள். அதில் எனக்குக் கோபம் உண்டு. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு அவள் பால் எடுக்கப் போனவள் படத்தின் முன்னால் நின்றாள். ஜெர்மனில் கேட்டாள்: "அபிக்கு எப்படி ஸொமர்ஷ்ப்ரோஸன்?"

ஸொமர்ஷ்ப்ரோஸன் என்றால் இந்த வெளுத்த தேசத்துக் குழந்தைகளுக்கு மூக்கின்மேல் வருகிற புள்ளிகள். கோடைத் தளிர்கள் என்று அர்த்தம் சொல்லலாம். வெயில் வந்தால் துளிர்க்கும், குளிர்காலத்தில் மங்கும். மச்சத்துக்கு ஜெர்மனில் வேறு பெயர், தாயின் குறி என்பார்கள். அது பிறவியிலேயே வருவது.

"அது மச்சம்டி" என்றேன்.

"இல்லை" என்றாள். "மச்சம் இப்படி வராது. இது வெயிலால் வருவது. ஆனால் நம் நிறத்துக்கு இது வரவே வராதே. எனக்கு இல்லை, உனக்கு இல்லை. அவளுக்கு மட்டும் ஏன்?"

தமிழில் அதற்கு வழக்கமான சொல் கிடையாது. நமக்கு அது வருவதில்லை, அதனால் சொல் இல்லை. சொல் இல்லாததால் மச்சம் என்ற சொல்லை எடுத்துப் போட்டு மூடிவிட்டோம். மச்சம் என்றதுமே அதிர்ஷ்டம் என்ற அர்த்தமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. 'உனக்கென்னப்பா, மச்சம்' என்று பேசிப் பழகிய வாய் அல்லவா. அந்தப் பழக்கம் இல்லாத குழந்தைக்கு உள்ளது உள்ளபடியே தெரிந்தது. அவளுக்குத் தமிழ் போய்விட்டது என்று ஊரெல்லாம் புலம்புகிறவன் நான்.

பால் கிளாஸோடு அவள் போய்விட்டாள். நான் பிரிட்ஜின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு வசந்திக்குப் போன் செய்தேன். குழந்தையை வெயிலில் விடாதே, இன்றைக்கே அந்த டாக்டரிடம் போ என்றேன்.

"நேத்திக்கே போயிட்டு வந்துட்டோம் அண்ணா" என்றாள். "மூக்குக்குப் பக்கத்துல ஒரு கட்டி. டெஸ்ட்டுக்கு எடுத்திருக்கா."

5

ஆகஸ்டில் பத்து நாள் லீவு கிடைத்தது. அதற்குள் கட்டியை எடுத்துவிட்டார்கள். புற்றுதான், ஆனால் சின்னது, முழுதும் வந்துவிட்டது என்றார்கள். வலது கண்ணின் விழிப்படலம் மங்கிப்போயிருந்தது. அது திரும்பி வராது.

கொட்டிவாக்கம் வீட்டைக் காலி செய்து மயிலாப்பூரில் வீடு தேடினார்கள். வெளிச்சமே வராத வீடு வேண்டும் என்று சேகர் கேட்டதும் புரோக்கர் அவனை ஒரு மாதிரி பார்த்தாராம். எல்லோரும் வெளிச்சத்துக்காக ஒதுக்கித் தள்ளிய தரைத்தள வீடு ஒன்று ஒரு சந்தில் கிடைத்தது. பகலிலும் விளக்குப் போட வேண்டும். நான் போனபோது ஜன்னல்களில் வசந்தி கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்து மாட்டியிருந்தாள். சேகரின் தலை பாதி நரைத்திருந்தது. 'வாடா' என்று தோளைத் தட்டினான்.

அபி என்னைப் பார்த்துக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. கூடத்திலிருந்து கடன் வாங்கிக்கொண்டு போன புற ஊதாக்கதிர் மானியை எடுத்து ஜன்னல் ஜன்னலாகப் பிடித்துப் பார்த்தேன். பின்னாலேயே வந்தாள்.

"இது என்ன பண்ணும் மாமா?"

"வெயில் எங்கேயாவது ஒளிஞ்சிண்டு இருந்தா காட்டிக் குடுக்கும்."

"பொய் சொல்லாதா?"

"சொல்லாது."

சமையலறை வென்டிலேட்டரில் மட்டும் முள் கொஞ்சம் அசைந்தது. அதை அட்டை வைத்து அடைத்தோம். அட்டையை அவள்தான் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிக் காட்டினாள். "எனக்கு எத்தனை மச்சம் பாத்தேளா? எண்ணவே முடியாது. நான் ரொம்ப லக்கின்னு நீங்கதான் சொன்னேளாம், அம்மா சொல்லுவா."

வசந்தி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஒரு நிமிஷம் நின்று மறுபடி கேட்டது. எனக்கு அந்த அட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் கண் டாக்டரிடம் போக ஆட்டோ வந்தது. ராயப்பேட்டையிலிருந்து வருகிற தாஸ். கொட்டிவாக்கத்தில் இருந்தபோதே அபியை நர்சரிக்கு அழைத்துப் போனவர். வண்டியின் இரண்டு பக்கமும் கறுப்பு ரெக்ஸின் திரை, உள்பக்கம் கொக்கி. ஆஸ்பத்திரியில் சொல்லிச் செய்தீர்களா என்று கேட்டேன்.

"அட நீங்க வேற சார். ஆஸ்பத்திரி எல்லாம் இப்பதானே. நான் போன வருசமே போட்டுட்டேன். பாப்பா வண்டில ஏறுனா கண்ணுல தண்ணி ஊத்திக்கினே கீது. துண்டால மூஞ்ச மூடிக்கினு வரும். வெயிலு ஒத்துக்கலன்னு பாத்தாலே தெரியுதுல்ல? அதுக்கு இன்னா பெரிய படிப்பு வேணும்?"

என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. குத்திக்காட்டச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அபி ஏறியதும் கொக்கியை மாட்டிவிட்டு, வெளியே இருந்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

பத்து நாளில் வசந்தியிடம் நான் சொன்னது இதுதான்: "போன்ல கேட்டப்போ எனக்குத் தோணலை வசந்தி. தோணியிருக்கணும்." அவள் 'விடுண்ணா' என்றாள். விட்டுவிட்டேன். விடச் சொன்னது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

6

இப்போது இந்தப் படிவம்.

நாலு நாள் மேசையில் கிடந்தது. அபிக்கு இப்போது ஏழு வயது. அதற்குள் இன்னும் இரண்டு கட்டிகள் எடுத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகுதான் வெளியே போகிறாள். கோவில் குளத்தைச் சுற்றி சேகர் நடத்தி அழைத்துப் போகிறான். வீட்டிலேயே பாடம். கணக்கில் கெட்டிக்காரி. வலது கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. அந்த இரண்டு வருஷம் கொட்டிவாக்கத்து மணலில் விளையாடாமல் இருந்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நான் வருத்தப்படக் கூடாது என்று அப்படிச் சொன்னார்.

எழுத்து சரியாக இருந்தும் வாயடைத்துக் கிடக்கும் ஜீன்களைப் பற்றிப் பத்து வருஷமாகக் கட்டுரை எழுதுகிறேன். யார் பூட்டினார்கள் என்று ஒவ்வொரு கட்டுரையிலும் கேட்கிறேன். என் விஷயத்தில் அந்தக் கேள்வியே தேவையில்லை. பூட்டியவனும் நான்தான், சாவி வைத்திருந்தவனும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தியைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்கள், ஆல்பத்தைப் பார்த்து என்ன சொன்னேன், படிவத்தில் என்ன போட்டேன், எல்லாம். கடைசியில், "அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்தது வசந்தி. தெரிஞ்சுதான் மச்சம்னு சொன்னேன்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"தெரியும் அண்ணா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு மொதல் தடவை போனோமே, அந்த டாக்டர் உக்காந்த உடனே கேட்ட மொதல் கேள்வி, 'வெயில்ல போனா சிவந்து போறதா?' அப்படியே நீ கேட்ட அதே வார்த்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுத்து. மச்சத்துக்கு யாராவது அந்தக் கேள்வியைக் கேப்பாளா?"

போனில் குக்கர் விசில் கேட்டது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஏன் என்னைக் கேக்கலை? ரெண்டரை வருஷமாச்சே."

"கேட்டு? நீ என்ன சொல்லியிருப்பே? மறுபடியும் ஏதாவது சமாதானம் சொல்லுவே. அதையும் நான் நம்பணும். எனக்கு இருக்கறது ஒரே அண்ணா. சேகர்கிட்ட சொல்லலை. நீயும் சொல்லாதே. உன்னை ரொம்ப உசத்தியா நெனச்சிண்டிருக்கார்."

அவள் அபியைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்துவிட்டாள். அபி புதுக் கறுப்புக் கண்ணாடி கேட்டாள். பழையது காதோரம் இறுக்குகிறதாம்.

திங்கட்கிழமை படிவத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாம் பக்கத்தில் 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தேன். பக்கத்தில் 'உறவைக் குறிப்பிடுக' என்று ஒரு கோடு. அதில், என் தங்கை, என் தாயின் தம்பி என்று எழுதியிருந்தேன். 1991-இல் எழுதியது தவறு என்று தனியாக ஒரு தாளிலும் எழுதி இணைத்திருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி முதல் பக்கத்தைப் பார்த்தாள், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள், என் கோட்டின்மேல் அவள் பேனா ஒரு நொடி நின்றது. என் காது மடல் சுட்டது. பத்து வருஷமாக இந்த முகத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அவள் நிமிரவே இல்லை. படிவத்தை என் பக்கம் திருப்பி, "தேதி போட மறந்துவிட்டீர்கள், திரு. ராமநாதன்" என்றாள்.

தேதியைப் போட்டேன்.